அதுவே இதுவா?
பழைய மோட்டார் வண்டிகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

மனிதன் ஆக்கிய பொருள்களுள் மிகப் பல பயன் தீர்ந்ததும் கைவிடப்படுவன. உடைந்த சட்டி குப்பைமேட்டிற்குப் போகின்றது. கிழிந்த வேட்டி கரித்துணியாகின்றது. இவற்றைக் குறித்து எவரும் தத்துவ விசாரம் செய்வதில்லை. ஆயின் பயன் தீர்ந்த பின்னரும், சிலவேளை பயன் தீர்ந்தமையாலேயே, பெரிதும் விரும்பிப் பேணப்படும் பொருள்களும் உள. மோட்டார் வண்டி அவற்றுள் ஒன்று. ஐம்பது, எண்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆக்கப்பட்ட வண்டிகளைத் தேடி வாங்குதல், அவற்றை ஓடும் நிலைக்குக் கொணர்தல், அவற்றுக்கு வேண்டிய உதிரிப்பாகங்களையும் கையேடுகளையும் தம்முள் விற்றும் வாங்கியும் மாற்றியும் கொள்ளுதல் என்பன உலகின் பல நாடுகளிலும் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளன.

இப்பொழுதுபோக்கின் தோற்றத்தை இங்கிலாந்திலே தெளிவாகக் காணலாம். வீதியிற் செல்லும் மோட்டார் வண்டிகளுக்கு விதிக்கப்பட்டிருந்த கடுமையான வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைக் கொண்டாடுமுகமாக 1896 நவம்பரில் லண்டனிலிருந்து பிரைட்டன் நகருக்கு வண்டிகள் ஊர்வலமாகச் சென்றன. 1927இல் அந்நிகழ்ச்சி நினைவோட்டமாக மீண்டும் நடத்தப்பட்டது. 1905க்கு முன்னர் ஆக்கப்பட்ட வண்டிகளே அதிற் பங்குகொள்ளலாம் என்பது இன்றைய விதி. மிகப் பழைய வண்டிகளுக்கான சங்கம் 1930இலும், பழைய ஓட்டப்போட்டி வண்டிகளுக்கான சங்கம் 1934இலும் அந்நாட்டில் நிறுவப்பட்டன. 1930ஆம் ஆண்டு முடிவுக்கு முன்னர் ஆக்கப்பட்டவற்றையே ‘விண்டேஜ்’ என அழைக்கும் வழக்கு இரண்டாவது சங்கத்தோடு வேரூன்றியது. வண்டியின் வயதுக்கு எல்லை வகுக்கப்பட்டதும் அவ்வயதை நிறுவவேண்டிய தேவையும் உடன் பிறந்தது. முதற்சங்கம் வண்டிகளை ஆராய்ந்து அவற்றின் ஆண்டை உறுதிப்படுத்திச் சான்றிதழ் வழங்கும் பணியைத் தன் தலையாய கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்று, மிக விரைவிலேயே மெய் பொய் ஆராயும் துறையாகவும் மாறிற்று.

இதற்குக் காரணம் உண்டு. இப்பொழுதுபோக்கினுள்ளே ஒரு முரண்பாடு உறைகின்றது. பழைய வண்டி அதன் பழமைக்காகவே விரும்பப்படுகின்றது. அது வீதியில் ஓடவேண்டுமாயினோ அதன் பழைய உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்படவேண்டும். ரயரும் பற்றரியும் சில ஆண்டுகளில் மாறுகின்றன. இறப்பர்க் குழாய்களும் மின்கம்பிகளும் அடுத்து மாறுகின்றன. பின்னர் பிஸ்டன்களும் வால்வுகளும், துருவேறிய தகடுகளும், கறையான் அரித்த மரச்சட்டங்களும் மாறுகின்றன. ஈற்றில் எஞ்சினும் அடிச்சட்டமுமே மாறிவிடக்கூடும். பேணுதல் என்னும் செயலே பேணப்படும் பொருளைச் சிறிது சிறிதாக அகற்றிவிடுகின்றது. அவ்வாறாயின், நெடுங்காலம் பேணப்பட்ட பின்னர் உடைமையாளரின் கொட்டகையில் நிற்பது எது? அது பழைய வண்டியேயாயின், எதனால் அது பழைய வண்டி? பழைய வண்டி அன்றாயின், அப்பெயரால் அதனை விற்பவர் பொய்யரா? முன்னைய வினாக்கள் மெய்யியலுக்குரியன. இறுதி வினா அறவியலுக்குரியது. முன்னையவற்றுக்கு விடை தேடிச் செல்வோர் இறுதி வினாவின் வாயிலிலேயே போய் நிற்பர் என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

கப்பலும் தேரும்

இச்சிக்கல் மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. தீசியசு என்னும் வீரனின் வரலாற்றை எழுதிய புளூட்டாக், அவ்வீரனின் கப்பலை ஏதென்சு நகரத்தார் நெடுங்காலம் பேணினர் என்றும், உக்கிய பலகைகளை நீக்கிப் புதியவற்றை இட்டுவந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்பது மெய்யியலாளரின் விவாதப் பொருளாயிற்று என்றும் குறிப்பிடுகின்றார். ஆங்கில மெய்யியலாளரான தோமஸ் ஹொப்ஸ் 1655இல் வெளியிட்ட நூலில் இச்சிக்கலை மேலும் இறுக்கினார். நீக்கப்பட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து, முன்னைய ஒழுங்கிலேயே பொருத்தி இன்னொரு கப்பல் அமைப்பாராயின், இரண்டனுள் எது தீசியசின் கப்பல்? பொருள் ஒன்றிலும் தொடர்ச்சி மற்றொன்றிலுமாகப் பிரிந்து நிற்க, பெயர் எதனைச் சாரும் என்பதே அவர் எழுப்பிய வினா.

கீழைத்தேய மரபிலே இதே வினா ஓர் ஊர்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டே எழுப்பப்பட்டமை கவனிக்கத்தக்கது. பாளி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஞ என்னும் நூலில், மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனை நோக்கி நாகசேனர் என்னும் பிக்கு, நடந்து வந்தாயா, ஊர்தியில் வந்தாயா என வினவுகின்றார். தேரில் வந்ததாக அரசன் கூறவே, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சில்லு தேரா எனத் தொடர்ந்து கேட்கின்றார். ஒவ்வொன்றுக்கும் அரசன் அன்று என்கின்றான். உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது அங்கே பெறப்படும் முடிபு. அதே நூலில் இரவு முழுவதும் எரியும் விளக்கின் உவமையும் வருகின்றது. முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றென்றும் கூறவியலாது. முற்றிலும் வேறென்றும் கூறவியலாது. ஒன்றையொன்று பற்றித் தொடரும் தொடர்ச்சியே அங்குள்ளது.

நியாய வைசேடிகர் இக்கருத்தை ஏற்கமாட்டார். உறுப்புகளாகிய அவயவங்களின் வேறாக, அவற்றிலே தங்கி நிற்கும் முழுப்பொருளாகிய அவயவி ஒன்று உண்டு என்பது அவர்தம் துணிபு. சைவ சித்தாந்திகளோ, பொருள்கள் கணந்தோறும் தோன்றி அழிவன என்னும் பௌத்தரின் கணபங்கவாதத்தை வேறொரு முனையிலிருந்து மறுத்தனர். செய்தவன் ஒருவன், அதன் பயனை நுகர்பவன் இன்னொருவன் என்றாகிவிடின் வினைக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோம் என்பது அவர்கள் எழுப்பிய தடை. இம்மறுப்பிலே பொதிந்துள்ள ஓர் உண்மை இவ்விடத்துப் பெரிதும் பயன்படுவது. ஒரு பொருள் அதுவேதானா என்னும் வினா, அதற்குப் பொறுப்பாளி யார் என்னும் வினாவினின்று பிரிக்க இயலாதது. உயிருள்ளவற்றின் பொறுப்பை உயிர் ஏற்கும். இரும்பாலான வண்டி தன் கடந்த காலத்துக்குத் தானே சான்று கூறவியலாது. அதன் சார்பிற் பேசும் மனிதரே அப்பொறுப்பை ஏற்கவேண்டும்.

வழக்குமன்றத்தில் ஒரு வண்டி

இவ்விவாதம் 1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கின் பொருள் ‘பழைய முதலாம் இலக்கம்’ எனப் பெயர்பெற்ற ஒரு பென்ட்லி வண்டி. பிரான்சின் லெ மான் நகரில் நிகழும் இருபத்துநான்கு மணிநேர ஓட்டப்போட்டியில் 1929ஆம், 1930ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வென்றது அது. பின்னர் அதன் அமைப்பு பலமுறை மாற்றப்பட்டது. 1932இல் வேறொரு பெரிய எஞ்சின் பூட்டப்பட்டு புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி, ஓட்டுநரின் உயிரையும் பறித்தது. அதன்பின் வீதியில் ஓட்டுவதற்குரிய மூடுவண்டியாக மாற்றப்பட்டது. பல பதிற்றாண்டுகள் கழித்து, ஓட்டப்போட்டிக் காலத்துத் தோற்றத்தை ஒத்த உடலமைப்பு அதற்கு மீண்டும் இடப்பட்டது. 1990இல் ஒரு நிறுவனம் இதனை ஒரு கோடி ஸ்ரேலிங் பவுணுக்கு வாங்க உடன்பட்டது. பின்னர், இது உண்மையான பழைய முதலாம் இலக்கம் அன்று எனக் கூறி விலையைச் செலுத்த மறுக்கவே, உடைமையாளர் வழக்குத் தொடர்ந்தார்.

லெ மானில் வென்ற வண்டியிலிருந்த உறுப்புகளுள் ஏறத்தாழ எதுவுமே அவ்வண்டியில் எஞ்சியிருக்கவில்லை என்பது விசாரணையில் தெளிவாயிற்று. எனினும் தீர்ப்பு உடைமையாளர் பக்கமே சென்றது. உறுப்புகளின் அளவில் அது முதலில் ஆக்கப்பட்ட வண்டியன்று என்பதை நீதியரசர் மறைக்கவில்லை. ஆனால் 1929 முதல் அவ்வண்டி ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றங்களைப் பெற்றுத் தொடர்ந்து இருந்துவந்தது. அத்தொடர்ச்சி எங்கும் முற்றாக அறுபடவில்லை. அப்பெயருக்கு உரிமைகோரத்தக்க வேறு வண்டி எதுவும் உலகில் இல்லை. ஆதலின் அப்பெயரால் அதனை அழைக்க உடைமையாளருக்கு உரிமையுண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

நாகசேனரின் விளக்குச்சுடரை இத்தீர்ப்பு நினைவூட்டுகின்றது. பெயரின் அடிப்படை உலோகத்தில் இல்லை, தொடர்ச்சியில் உள்ளது என்பதை ஒரு நவீன நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இங்கே தொடர்ச்சியை நிறுவியது எது? எந்த ஆண்டில் எந்த உறுப்பு நீக்கப்பட்டது, எது பூட்டப்பட்டது, யார் கைமாற்றினர் என்பவற்றை வெளிப்படுத்திய ஆவணங்களும் சாட்சியங்களுமே. அவை இன்றேல் அவ்வண்டி பெயரற்ற இரும்புக் கூட்டமாய் நின்றிருக்கும். மாற்றங்கள் மறைக்கப்பட்டிருந்தால் அது பொய்ப்பெயர் தாங்கிய இரும்புக் கூட்டமாய் நின்றிருக்கும். வண்டியை அதுவாக நிலைநிறுத்துவது அதன் வரலாறு. அவ்வரலாற்றை வரலாறாக நிலைநிறுத்துவது வாய்மை.

இரண்டாவது கப்பல்

ஹொப்ஸின் இரண்டாவது கப்பல் வெறுங்கற்பனை எனக் கருதுவோர் புகாட்டி நிறுவனத்தின் ‘றோயல்’ வண்டிகளின் வரலாற்றை நோக்கலாம். மன்னர்களுக்கென எண்ணி ஆக்கப்பட்ட இவ்வகை வண்டிகள் ஆறு மட்டுமே உருவாயின. அவற்றுள் ஒன்றினை 1932இல் பாரிசைச் சேர்ந்த ஆடை உற்பத்தியாளரான ஆர்மன் எஸ்டர் வாங்கினார். இரவில் வண்டி செலுத்தும் வழக்கம் அவருக்கு இல்லாமையால் முன்விளக்குகளே இன்றி அதன் உடல் அமைக்கப்பட்டது. பின்னர் வண்டி கைமாறிற்று; அவ்வழகிய உடல் நீக்கப்பட்டு, அடிச்சட்டத்தின் மேல் வேறோர் உடல் ஏற்றப்பட்டது. நீக்கப்பட்ட உடல் மறைந்துபோயிற்று. பிற்காலத்தில் பிரான்சின் முலூஸ் நகர நூதனசாலை, தன்னிடமிருந்த உண்மையான றோயல் உதிரிப்பாகங்கள் பலவற்றையும் பயன்படுத்தி, விளக்கில்லாத அவ்வண்டியை மீள உருவாக்கிற்று. ஆக, அடிச்சட்டத்தின் தொடர்ச்சி ஓரிடத்திலும் பழைய உருவம் மற்றோரிடத்திலும் உள்ளன. ஆயினும் எவரும் ஏமாற்றப்படவில்லை. ஏனெனில் நூதனசாலை தன் வண்டியைப் படி என்றே அறிவித்துள்ளது.

ஆக்கிய நிறுவனமே இரண்டாவது கப்பலைக் கட்டியதும் உண்டு. 1957 பெப்ரவரியில் ஜாகுவர் நிறுவனத்தின் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில், விற்பனைக்கு அனுப்பப்படவிருந்த எக்ஸ்.கே.எஸ்.எஸ். வகை வண்டிகள் ஒன்பது அழிந்தன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 2016இல், அவ்வொன்பதுக்கும் ஈடாக ஒன்பது வண்டிகளைப் பழைய முறைப்படியே ஆக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இவை 1957இன் வண்டிகளா, 2016க்குப் பிற்பட்ட வண்டிகளா? உருவத்தை நோக்குவார்க்கு முன்னையன. காலத்தை நோக்குவார்க்குப் பின்னையன. எவ்வாறு அழைப்பினும், எப்போது ஆக்கப்பட்டவை என்பது வெளிப்படையாகக் கூறப்படும்வரை அவற்றில் வஞ்சனை இல்லை. நாளை ஒருவர் அவற்றுள் ஒன்றினைத் தீயிலிருந்து தப்பியது எனக் கூறி விற்பாராயின், ஓர் ஆணிகூட மாறாமலே அவ்வண்டி பொய்யாகிவிடும். பொருளில் எம்மாற்றமும் நிகழாமலே மெய் பொய்யாக மாறக்கூடும் என்றால், மெய்ம்மை பொருளின் பண்பு மட்டுமன்று என்பது பெறப்படும்.

உதிரிப்பாகமும் கையேடும்

இப்பொழுதுபோக்கின் உயிர்நாடி உதிரிப்பாக வணிகம். இது பிற வணிகங்களினின்றும் வேறானது. இன்று விற்பவரே நாளை வாங்குபவர். ஒருவரிடம் இரண்டு கியர்ப்பெட்டிகள் இருக்கும், காபுரேற்றர் இராது. மற்றவரிடம் காபுரேற்றர் இருக்கும். முன்விளக்கின் கண்ணாடி இராது. ஆக்கிய நிறுவனங்கள் பல மறைந்துவிட்டமையால், ஒருவர் கைவசமுள்ள உறுப்பே மற்றவர் வண்டியின் ஆயுள் ஆகின்றது. இந்நிலையில் எழும் முதல் அறச்சிக்கல், ஒரு வண்டியைக் குலைத்து வேறு வண்டிகளை வாழவைக்கலாமா என்பது. மூன்று வண்டிகள் ஓட ஒன்று அழிவது இலாபம் எனப் பயன்வாதி கூறுவார். ஒவ்வொரு வண்டியும் தனக்கென ஒரு வரலாறு உடையது, அதனை மற்றொன்றின் கருவியாக்குதல் தகாது என வேறொருவர் கூறுவார். மனிதரைக் குறித்துப் பின்னைய வாதம் மறுக்கவியலாதது. இரும்பைக் குறித்து அது அத்துணை வலிமையுடையதன்று. எனினும் குலைக்கப்படும் வண்டியின் இலக்கமும் வரலாறும் பதியப்படவேண்டும் என்ற குறைந்தபட்சக் கடமை எஞ்சுகின்றது.

இக்கடமை மீறப்படும் இடமே இவ்வணிகத்தின் இருண்ட மூலை. வண்டியின் இலக்கம் பொறித்த சிறு தகடு ஒன்று மட்டும் விற்கப்படுகின்றது. அதனைச் சுற்றி முற்றிலும் புதிய வண்டி எழுப்பப்படுகின்றது. அல்லது ஒரே வண்டியின் அடிச்சட்டம் ஒருவரிடமும் எஞ்சின் இன்னொருவரிடமும் சேர, இருவரும் ஒரே இலக்கத்துக்கு உரிமைகோருகின்றனர். பெயர் உடலைத் தேடி அலையும் நிலை இது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், கட்டடங்களையும் நினைவுச்சின்னங்களையும் பேணுவது குறித்த 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது. பேணுதலையும் மீளமைத்தலையும் வேறுபடுத்தி நோக்குவதும், செய்த மாற்றங்களை ஆவணப்படுத்துமாறு வற்புறுத்துவதும் அதன் சிறப்புகள். மாற்றாதே என்று அது கட்டளையிடவில்லை. மாற்றியதை மறையாதே என்கின்றது.

கையேடுகளின் நிலை வேறு. வண்டியோடு ஆக்குநர் வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேடும் உதிரிப்பாக விவரப்பட்டியலும் அவ்வண்டியின் இலக்கணநூல் எனலாம். வால்வுக்கும் அதனை அழுத்தும் நெம்புக்கும் இடையே எத்துணை இடைவெளி இருக்கவேண்டும், எந்த மரையாணியை எவ்வளவு முறுக்கவேண்டும், எந்த உறுப்பு எந்த ஆண்டு மாதிரிக்கு உரியது என்பவற்றை அதுவே அறிவிக்கும். மொழி வழக்கொழிந்த பின்னரும் அதன் இலக்கணம் எஞ்சியிருப்பின் அம்மொழி நூல்களைப் பயிலலாம். அவ்வாறே உறுப்பு அழிந்த பின்னரும் அதன் அளவு எஞ்சியிருப்பின் உறுப்பை மீளக் கடைந்தெடுக்கலாம். அரிஸ்ரோட்டிலின் சொற்களிற் கூறுவதாயின், உதிரிப்பாகம் வண்டியின் சடம். கையேடு அதன் வடிவம்.

இவ்விரண்டுக்குமிடையே அறவியல் வேறுபாடு ஒன்றும் உளது. உதிரிப்பாகத்தைக் கொடுத்தவர் அதனை இழக்கின்றார். ஆதலின் அதற்கு விலை கேட்பது முறையே. கையேட்டின் உள்ளடக்கத்தைப் பகிர்ந்தவர் எதனையும் இழப்பதில்லை. கல்வியைப் போல அதுவும் கொடுக்கக் குறையாதது. உதிரிப்பாகத்தைக் கொடாமை சிலவேளை முன்யோசனையாதல் கூடும். ஆக்கிய நிறுவனமே மறைந்துபோன வண்டியின் அளவுகளைத் தன்னோடு வைத்துப் புதைத்தலுக்கு அத்தகைய நியாயம் காண்பது அரிது. பழைய வண்டிச் சங்கங்கள் பலவும் கையேடுகளை மறுபதிப்புச் செய்தும் படியெடுத்துப் பகிர்ந்தும் வருவது இவ்வறவுணர்வின் விளைவே.

பூட்டிய மண்டபம்

சேர்த்தல் எல்லை கடந்தால் எங்குப் போய் முடியும் என்பதற்கு முலூஸ் நகரமே சான்று. அல்சாஸ் பிரதேசத்தில் கம்பளிநூல் ஆலைகளை நடத்திய ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்னும் சகோதரர் பழைய வண்டிகளில், சிறப்பாகப் புகாட்டி வண்டிகளில், அளவிறந்த மோகம் கொண்டனர். 1964இல் அமெரிக்காவிலிருந்து ஒரே சேகரிப்பாளரின் முப்பது புகாட்டிகளை ஒருங்கே வாங்கினர். நானூறுக்கு மேற்பட்ட வண்டிகள் ஓர் ஆலைக்கட்டடத்தினுள்ளே பொதுமக்கள் காணாவண்ணம் திரண்டன. 1970களில் நூலாலைத் தொழில் நலிந்தது. தொழிலாளர் வேலை இழந்தனர். சகோதரர் சுவிற்சர்லாந்துக்குச் சென்றுவிட்டனர். 1977 மார்ச்சில் தொழிலாளர் அக்கட்டடத்தினுள் நுழைந்தபோது, விளக்கு வரிசைகளின் கீழே பளபளவென நின்ற வண்டிகளைக் கண்டனர். தம் ஆலைகள் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில் செல்வம் சென்றுசேர்ந்த இடத்தை அவர்கள் கண்டுகொண்டனர். ஏறத்தாழ ஈராண்டுகள் அவ்விடம் அவர்கள் வசமிருந்தது. 1978இல் அச்சேகரிப்பு தேசிய மரபுரிமையாகப் பாதுகாக்கப்பட்டது. 1982இல் பொதுமக்களுக்கான நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

இவ்வரலாறு எளிதான தீர்ப்புக்கு இடங்கொடாது. அச்சகோதரரின் மோகம் இன்றேல் அவ்வண்டிகளுட் பல உருக்குலைக்குப் போயிருக்கும். இன்று அவற்றைக் கண்டு மகிழும் மாணவன் அம்மோகத்துக்குக் கடன்பட்டவன். எனினும் மற்றவரின் உழைப்பில் விளைந்த செல்வம், மற்றவர் காணவும் இயலாவண்ணம் பூட்டப்பட்டது. ‘நன்றியில் செல்வம்’ என வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தது இத்தகைய செல்வத்தைக் குறித்தே எனலாம். வண்டிகள் காக்கப்பட்டன; அவற்றைக் காத்த கைகள் வெறுங்கையாய் நின்றன. பேணுதல் ஓர் அறம் எனின், அது பேணப்படும் பொருளோடு முடிந்துவிடுவதன்று. எவருடைய இழப்பில் பேணப்படுகின்றது என்பதும் அவ்வறத்தின் கணக்கிற் சேரும்.

தேவையும் பொழுதுபோக்கும்

பழைய வண்டியைப் பேணுவோர் அனைவரும் பொழுதுபோக்காளர் அல்லர். கியூபாவில் 1959ஆம் ஆண்டுப் புரட்சியைத் தொடர்ந்து அமெரிக்க வண்டிகளின் வரவு நின்றது; 1962இல் அமெரிக்க வணிகத்தடை முழுமையாயிற்று. முன்னரே அங்கிருந்த செவ்ரோலே, ஃபோர்ட் வண்டிகள் சோவியத் எஞ்சின்களையும் டீசல் எஞ்சின்களையும் கைவினைஞர் வார்த்த உறுப்புகளையும் தாங்கிப் பல பதிற்றாண்டுகள் ஓடின. இலங்கையிலும் 1960களிலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியமையால், ஒஸ்ரின், மொரிஸ் முதலிய வண்டிகள் தம் ஆயுளுக்கும் அப்பால் வாழவைக்கப்பட்டன.

இவற்றுள் மொரிஸ் மைனரின் கதை தனியே நோக்கற்பாலது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்டது. உற்பத்தி தொடங்கும் தறுவாயில், வண்டி ஒடுக்கமாகத் தோன்றுவதாகக் கருதிய அவர், மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார். முன்னரே செய்துவைக்கப்பட்ட பம்பர்களை நடுவே வெட்டி ஒட்டுத்துண்டு வைக்கவேண்டியதாயிற்று. முன்மூடியின் நடுவே ஓடும் தடித்த பட்டி இன்றும் அவ்வெட்டின் வடுவாக உள்ளது. மூலநிலை, மூலநிலை என்று தேடிச் செல்வோர் ஈற்றில் காண்பதும் ஓர் ஒட்டு என்பது இங்கே புலனாகும். 1990களில் இவ்வண்டிக்குரிய உடற்றகடுகள் இலங்கையிலே ஆக்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஒருகாலத்தில் அங்கிருந்து வந்த வண்டியை இங்கே வாழவைத்த கைத்திறன், அங்குள்ள வண்டிகளுக்கும் ஆயுள் வழங்கிற்று.

1990இன் நடுப்பகுதி முதல் வடபகுதியில் எரிபொருட்டடை நிலவிய ஆண்டுகளில் இவ்வண்டிகள் வேறொரு சோதனைக்குள்ளாயின. பெற்றோல் கிடைப்பது அரிதாகவே, சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் முறையை யாழ்ப்பாணத்துப் பொறிவல்லுநர் கையாண்டனர். அமுக்கவிகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதற்கு இடங்கொடுத்தன. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற ஒஸ்ரின் ஏ40 வண்டிகளில் மூலநிலை எங்கே என எவரும் தேடவில்லை. வண்டி ஓடியதா என்பதே அன்றைய கேள்வி.

அத்தகைய வண்டியொன்று இன்று ஒரு சேகரிப்பாளரின் கைக்கு வருவதாகக் கொள்க. மண்ணெண்ணெய்க்கென இணைக்கப்பட்ட குழாயையும் சிறு கலத்தையும் அவர் என்ன செய்யவேண்டும்? ஆக்கிய நிறுவனத்தின் கையேட்டில் அவை இல்லை. கையேட்டின்படி வண்டியை மீளமைத்தால் அவை நீக்கப்படவேண்டும். ஆனால் அவ்வண்டியின் நெடிய வாழ்வில் அதன் பெயரை நிலைநாட்டிய ஆண்டுகள் அவையே. 1950களின் தொழிற்சாலை வாயிலில் அது நின்ற ஒரு நாளை மீட்பதற்காக, மனிதருக்கு உதவிய ஆண்டுகளையெல்லாம் துடைத்தெறிவது பேணுதல் ஆகுமா? பென்ட்லி வழக்கின் நியாயத்தை ஏற்போர் இதற்கு ஆம் என விடைகூற இயலாது. தொடர்ச்சியே வண்டியின் அடையாளம் எனின், அத்தொடர்ச்சியில் வறுமையும் தடையும் போரும் விட்டுச்சென்ற வடுக்களும் அடங்கும். அவற்றை நீக்குவதற்குத் தகுந்த காரணம் இருத்தல் கூடும். மண்ணெண்ணெய்க் கலத்தோடு இன்று வீதியில் ஓட்டுவது ஆபத்தானதாகலாம். நீக்கினாலும் நீக்கியதைப் பதிவுசெய்து, நீக்கிய உறுப்பைக் காத்துவைத்தல் வேண்டும்.

முடிவுரை

ஏழ்மை மலிந்த உலகில் ஓடாத வண்டிகளுக்குப் பொன்னும் பொழுதும் செலவிடுவது வீண் என்னும் குற்றச்சாட்டு இப்பொழுதுபோக்கின்மேல் எப்போதும் உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விலைக்காக மட்டுமே வாங்கி, பூட்டிவைத்து, விலை ஏறியதும் விற்போரைக் குறித்து அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொருந்தும். ஆனால் ஓர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் கைத்திறனை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பவரையும், கையேட்டைப் பகிர்பவரையும், மேலதிகமாகவுள்ள உறுப்பை வேண்டியவருக்கு நியாய விலைக்குக் கொடுப்பவரையும் குறித்து அது பொருந்தாது. வள்ளுவர் ஒப்புரவு எனப் போற்றிய பண்பின் சிறு சாயல் அவர்களிடம் உண்டு.

அதுவே இதுவா என்னும் வினாவுக்கு இரும்பு விடைகூறாது. பலகை மாறிய கப்பலும் சில்லு மாறிய தேரும் எஞ்சின் மாறிய வண்டியும் தம் பெயரைத் தாமே காத்துக்கொள்ள வல்லன அல்ல. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும்போது, முன்னவர் தாம் பெற்றதையும் தாம் மாற்றியதையும் தாம் அறியாததையும் உள்ளவாறே கூறவேண்டும். பின்னவர் அதனோடு தம் பங்கையும் சேர்த்து அடுத்தவருக்கு உரைக்கவேண்டும். அச்சொல் அறுபடாதவரை வண்டியும் அறுபடாது. உடைமை என வழங்கப்படுவது இங்கே காவல் என்னும் பொருளையே தரும். நூறாண்டு வண்டி எந்த ஒரு மனிதருக்கும் முழுதும் உரியதன்று. அவரவர் காலத்து அதனைப் பொய்யின்றிக் காத்து, பொய்யின்றிக் கையளிப்பதே உடைமையாளர் கடன்.